ஒரு ஃபிளாஸ்க், மூன்று கிளையா: எலிக்குட்டி மூளையிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்பது எப்படி

நரம்பு நோய் எதை எடுத்தாலும் இன்று கிளையா, அதாவது மூளையில் நியூரானுக்குத் துணையாக இருக்கும் செல்லின் பெயர் வந்துவிடுகிறது. அல்சைமருக்கு, மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளையா. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு, நரம்பிழையைச் சுற்றும் மயலின் உறையை உருவாக்கும் ஒலிகோடெண்ட்ரோசைட். வலிப்புக்கும், தசையை இயக்கும் நியூரான்கள் சாகும் ஏஎல்எஸ் நோய்க்கும், நியூரானைத் தாங்கிப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட். நியூரானைவிடக் கிளையா பத்து மடங்கு அதிகம் என்று பழைய பாடநூல்கள் சொன்ன கணக்கு மட்டும் நிலைக்கவில்லை. 2009-இல் வெளியான எண்ணிக்கையின்படி மனித மூளையில் நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 8,500 கோடி.

இந்த மூன்று வகையும் நோயில் என்ன செய்கின்றன என்று கேட்க வேண்டுமானால் முதலில் அவற்றைத் தனித்தனியாகக் கையில் பிடிக்க வேண்டும். அதற்கு 1980-இல் மெக்கார்த்தியும் டி வெல்லிஸும் விவரித்த குலுக்கல் முறை இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. விலை குறைவு, சிறப்புக் கருவி வேண்டாம், ஒரே ஃபிளாஸ்கிலிருந்து மூன்று வகையும் கிடைக்கும். வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. பிரிந்துவிட்டதாக நினைக்கும் செல் உண்மையிலேயே பிரிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. அதனால் கீழே அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறோம்.

தொடங்கும் முன்

இந்தியாவில் செய்பவர்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே குட்டிகளைக் கேட்க வேண்டும். உயிர்நீக்கும் முறையும் அந்த ஒப்புதலில் எழுதியபடியே இருக்க வேண்டும்.

பிறந்து 0 முதல் 2 நாளான வெள்ளெலி (rat) குட்டி தேவை. மூன்று நாளைத் தாண்டினால் மூளைச்சவ்வு ஒட்டிக்கொண்டு கிழியும், பிழைக்கும் செல்லும் குறையும். சுண்டெலியிலும் (mouse) ஆஸ்ட்ரோசைட்டும் மைக்ரோகிளையாவும் நன்றாக வரும். ஆனால் ஒலிகோ முன்னோடி செல்களை, அதாவது ஒலிகோடெண்ட்ரோசைட்டாக மாறவிருக்கும் செல்களை, குலுக்கி எடுக்கும் வேலை சுண்டெலியில் சரிவராது. அங்கே காந்தமணி முறைக்கோ ஆன்டிபாடி பூசிய தட்டில் ஒட்டவைத்துப் பிரிக்கும் முறைக்கோ போய்விடுவது நல்லது.

ஃபிளாஸ்குகளுக்கு முந்தின நாளே, செல் ஒட்ட உதவும் பாலி-டி-லைசின் பூசி வைக்கலாம். மி.லி.க்கு 10 முதல் 50 மைக்ரோகிராம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு தூய நீரில் மூன்று முறை கழுவ வேண்டும். கழுவாமல் மிஞ்சும் பாலி-லைசின் செல்லுக்கு விஷம். மறுநாள் பாதி செல் செத்துக் கிடந்தால் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

மீடியம் எளிமையானது: அதிக குளுக்கோஸ் டிஎம்இஎம், 10% மாட்டுக்கரு சீரம், குளுட்டமின், பென்சிலின் மி.லி.க்கு 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராம். சீரத்தை வாங்கும்போது அதிலுள்ள எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் நச்சு) அளவைப் பார்த்து வாங்குங்கள். 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் காம்ப்ளிமென்ட் எனும் நோயெதிர்ப்புப் புரதங்கள் அடங்கும், எண்டோடாக்சின் அடங்காது. எண்டோடாக்சின் கூடுதலான சீரத்தில் வளர்ந்த மைக்ரோகிளையா, நீங்கள் எதையும் சேர்க்கும் முன்பே சினந்து நிற்கும்.

சவ்வை உரிப்பது

இந்த வேலையின் தரம் டிசெக்‌ஷன் மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒரு சில நிமிடத்தில் முடிவாகிறது. மூளையை எடுத்ததும் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத, பனிக்கட்டியில் குளிர்ந்த ஹேங்க்ஸ் கரைசலில் போடுங்கள். சிறுமூளையை வெட்டி நீக்கி, இரண்டு அரைக்கோளங்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் வெளிப்புறம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மேலே சிவப்பு நூல் ஓடுவதுபோல் ரத்தக்குழாய்கள் தெரியும். அந்த நூல்கள் இருக்கும் பரப்புதான் சவ்வு. நுண்ணிய இடுக்கி இரண்டு வேண்டும். ஒன்று திசுவை அமுக்காமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்று முகர்குமிழ் இருக்கும் முன்பக்கத்திலிருந்து சவ்வின் ஓரத்தைக் கிள்ளி பின்னோக்கி இழுக்க. ஒரு நாள் குட்டியில் பெரும்பாலும் ஒரே தாளாக வந்துவிடும். மடிப்புக்குள் ஒரு சிவப்புக் கோடு மிஞ்சினாலும் விடாதீர்கள். முடிந்தபின் கார்டெக்ஸ் சிவப்பே இல்லாமல் பால்வெள்ளையாக இருக்க வேண்டும். பிறகு உள்பக்கம் திருப்பி ஹிப்போகாம்பஸையும் அடியில் உள்ள ஸ்ட்ரையேட்டத்தையும் எடுத்துவிட்டு கார்டெக்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சவ்வு மிஞ்சினால் என்ன ஆகும்? அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் ஆஸ்ட்ரோசைட்டைவிட வேகமாகப் பெருகும். பத்தாம் நாள் அடியில் சுழல்சுழலாக நீண்ட செல்கள் படுத்திருந்தால் அவை ஆஸ்ட்ரோசைட் இல்லை. அந்த ஃபிளாஸ்கைக் காப்பாற்ற வழி கிடையாது, எறிந்துவிடுங்கள்.

எல்லாக் குட்டிகளையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். புதிதாகக் கற்பவர்கள் நான்கு குட்டியோடு நிறுத்திக்கொள்வது நலம்.

செல்லாகப் பிரிப்பது

திசுவைப் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, செல்களைப் பிரிக்கும் என்சைமான டிரிப்சினில் (0.25%) 37 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சாய்த்துக் கலக்கினால் போதும். 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சீரம் உள்ள மீடியத்தை இரண்டு பங்கு ஊற்றினால் டிரிப்சின் நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில் திசு சளிபோல் ஒன்றோடொன்று ஒட்டி பிபெட்டில் ஏறாமல் அடம்பிடித்தால், உடைந்த செல்களிலிருந்து வெளியான டிஎன்ஏதான் காரணம். மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் என்சைம்) சேர்த்தால் சரியாகும். ஆனால் டிஎன்ஏஸ் வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியம் இல்லாத ஹேங்க்ஸில் அதைக் கொட்டிவிட்டு ‘என்சைம் கெட்டுப்போச்சு’ என்று சொல்பவர்கள் நிறைய. மீடியம் ஊற்றிய பிறகு சேருங்கள், தானாக வேலை செய்யும்.

பிறகு 5 மி.லி. பிபெட்டால் பத்துப் பதினைந்து முறை, நுனி குறுகிய பிபெட்டால் இன்னொரு பத்து முறை உறிஞ்சி விடுங்கள். குமிழி வரக்கூடாது. 70 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 300 ஜி-யில் ஐந்து நிமிடம் சுழற்றி, மீடியத்தில் கலந்து, செத்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரைபான் நீலம் போட்டு எண்ணுங்கள். உயிருள்ளவை 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டிரிப்சின் நேரத்தையோ பிபெட் பிடிக்கும் கையையோ மென்மையாக்க வேண்டும்.

டி-75 (75 சதுர செ.மீ. அடிப்பரப்பு) ஃபிளாஸ்க் ஒன்றுக்கு 1 முதல் 1.5 கோடி செல், 12 முதல் 15 மி.லி. மீடியம். இரண்டு குட்டியின் கார்டெக்ஸ் ஒரு ஃபிளாஸ்குக்குத் தாராளம். செல்லை மிச்சம் பிடித்து மூன்று ஃபிளாஸ்கில் பரப்பினால் ஆஸ்ட்ரோசைட் விரிப்பு மூடவே மூடாது. மேலே வளர வேண்டிய மற்ற இரண்டு வகைக்கும் மெத்தை இல்லாமல் போகும்.

பத்து நாள்

மறுநாள் பார்த்தால் ஃபிளாஸ்க் குப்பையாகத்தான் இருக்கும். மீடியத்தை மாற்றுங்கள், ஆனால் ஓங்கி அடித்துக் கழுவாதீர்கள். முன்னோடி செல்கள் இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. மிஞ்சும் குப்பையை மைக்ரோகிளையா பார்த்துக்கொள்ளும், அதன் தொழிலே அதுதான். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம். நியூரான்கள் இந்தச் சூழலில் தங்காமல் முதல் வாரத்திலேயே போய்விடும்.

எட்டிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஃபேஸ் மைக்ரோஸ்கோப்பில் மூன்று அடுக்கு தெரிய வேண்டும். அடியில் தட்டையாக, சாம்பல் நிறத்தில், இடைவெளி இல்லாமல் ஆஸ்ட்ரோசைட். அதன்மேல் கருத்த சிறிய உடலும் இரண்டு மூன்று மெல்லிய கைகளுமாக ஒலிகோ முன்னோடி. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று உருண்டையாக, சில மிதந்துகொண்டும்கூட, மைக்ரோகிளையா. அடுக்கு தெரியாமல் குலுக்கத் தொடங்கினால் கிடைப்பது கலவைதான். இரண்டு நாள் பொறுப்பது மேல்.

முதல் குலுக்கல்: மைக்ரோகிளையா

மேலே லேசாக ஒட்டியிருப்பது முதலில் உதிரும். முறை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஃபிளாஸ்கைப் படுக்கவைத்து, 37 டிகிரி ஷேக்கரில் நிமிடத்துக்கு 180 சுற்று, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஷேக்கரில் கரியமில வாயு இல்லையென்றால் மீடியம் ஊதா நிறத்துக்குப் போய்விடும். அதனால் முதலில் இன்குபேட்டரில் மூடியைத் தளர்த்தி சமநிலைக்கு வரவிட்டு, பிறகு இறுக மூடி, காற்றுப்போக்கு மூடியாக இருந்தால் அதன்மேல் பாராஃபிலிம் சுற்றி வையுங்கள். இன்னொரு விஷயம்: ஒரு ஆய்வகத்தின் 180 சுற்று இன்னொரு ஆய்வகத்தின் 180 சுற்று ஆகாது. ஷேக்கரின் வட்ட அகலம் மாறினால் விசையும் மாறும். எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள். பளபளக்கும் உருண்டைகள் போய், கருத்த செல்கள் அப்படியே இருந்தால் அங்கே நிறுத்த வேண்டும்.

மேல்நீரை எடுத்து 300 ஜி-யில் சுழற்றி, எதுவும் பூசாத பிளாஸ்டிக்கில் விதையுங்கள். அரை மணி நேரத்தில் மைக்ரோகிளையா இறுகப் பிடித்துக்கொள்ளும், மற்றவை பிடிக்காது. ஒருமுறை கழுவினால் அவை போய்விடும். இந்த அரைமணி நேரக் கழுவலைத் தவிர்ப்பவர்களின் தட்டில்தான் முன்னோடி செல்கள் எட்டிப் பார்க்கும். 24 கிணறு பிளேட்டில் கிணற்றுக்கு ஒரு லட்சம் அளவாக இருக்கும். சோதனைக்கு முன் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், குலுக்கலே அவற்றுக்கு ஒரு தூண்டல். ஃபிளாஸ்குக்குப் புதிய மீடியம் கொடுத்தால் மூன்று நான்கு நாளில் மறுபடி ஒரு அறுவடை கிடைக்கும். மூன்றாவதுக்கு மேல் போனால் செல் குறையும், குணமும் மாறும்.

இரவுக் குலுக்கல்: ஒலிகோ முன்னோடி

முதல் குலுக்கல் முடிந்த அதே ஃபிளாஸ்கில் புதிய மீடியம் ஊற்றி, மீண்டும் சமநிலைக்கு வரவிட்டு, 200 முதல் 250 சுற்றில் 16 முதல் 18 மணி நேரம். காலையில் மேலே நுரை கட்டியிருந்தால் மீடியம் குறைவு அல்லது வேகம் அதிகம். நுரையில் மாட்டும் செல் உடையும். ஆஸ்ட்ரோசைட் விரிப்பே பாய்போல் சுருண்டு வந்துவிட்டால் ஃபிளாஸ்க் அளவுக்கு மீறி முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எடுத்த செல்லை நேரே விதைக்காதீர்கள். பூசாத பெட்ரி தட்டில் 30 நிமிடம் வைத்து, பாதி நேரத்தில் ஒருமுறை லேசாக ஆட்டி, மிஞ்சிய மைக்ரோகிளையாவைத் தட்டிலேயே ஒட்டவிடுங்கள். மிதப்பவற்றை எடுத்து 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பாலி-லைசின் பூசிய தட்டில் விதைக்க வேண்டும். இங்கே சீரம் கூடாது. சீரம் கொடுத்தால் வெள்ளெலியின் முன்னோடி செல் ஆஸ்ட்ரோசைட் பக்கம் சாய்ந்துவிடும். சீரமில்லா மீடியத்தில் வளர்ச்சிக் காரணிகளான பிடிஜிஎஃப்-ஏஏ மி.லி.க்கு 10 நானோகிராம், எஃப்ஜிஎஃப்-2 10 நானோகிராம் கொடுத்தால் பெருகும். இரண்டையும் நிறுத்தி தைராய்டு ஹார்மோன் டி-3 மி.லி.க்கு 40 நானோகிராம் கொடுத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் சிலந்திவலைபோல் விரிந்து, மயலினுக்கு உரிய எம்பிபி புரதத்தைக் காட்டும்.

மயலின் மருந்து வேட்டைக்கு இந்தச் செல்தான் அடித்தளம். பழைய ஒவ்வாமை மாத்திரையான கிளெமாஸ்டின், வெள்ளெலி முன்னோடி செல்களை நுண்கூம்புகளின்மேல் வளர்த்து மருந்துகளைச் சலித்தபோது 2014-இல் மேலே வந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 50 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில் பார்வைச் சமிக்ஞையின் தாமதம் சிறிதளவு குறைந்தது. மாற்றம் சிறிதுதான். ஆனால் தட்டில் தொடங்கியது மனிதரின் பார்வை நரம்பு வரை போய்ச் சேர்ந்தது.

அடியில் மிஞ்சும் ஆஸ்ட்ரோசைட்

இரண்டு குலுக்கலும் முடிந்தபின் அடியில் இருப்பது ‘தூய ஆஸ்ட்ரோசைட்’ என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் விரிப்புக்கு இடையிலும் அடியிலும் தட்டையாகப் படுத்த மைக்ரோகிளையா ஃபேஸ் மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. குலுக்கலுக்கும் அசையாது.

அதனால் என்ன என்று கேட்கலாம். எண்டோடாக்சினின் வேதிப்பெயரான எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பி டிஎல்ஆர்-4, எலி மூளையில் பெரும்பாலும் மைக்ரோகிளையாவிடம்தான் இருக்கிறது. உங்கள் ‘ஆஸ்ட்ரோசைட்’ தட்டில் எல்பிஎஸ் கொட்டி, அழற்சிப் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபாவை அளந்தால், நூற்றில் ஐந்தாக ஒளிந்திருக்கும் மைக்ரோகிளையா மொத்தப் பதிலையும் தரும். மீதி தொண்ணூற்றைந்தின் பெயரில் கட்டுரை வரும்.

வெளியேற்ற வழிகள் உண்டு. செலவில்லாதது முதல் வழி: டிரிப்சின் பாஸேஜ், அதாவது செல்லை டிரிப்சினால் எழுப்பி வேறு தட்டுக்கு மாற்றுவது. ஆஸ்ட்ரோசைட் 0.05% டிரிப்சினில் மூன்று நான்கு நிமிடத்தில் எழுந்துவிடும், மைக்ரோகிளையா எளிதில் எழாது. ஆஸ்ட்ரோசைட் எழுந்ததும் நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கே’ என்று தட்டித் தட்டி எடுத்தால் விட்டுவர வேண்டியதையும் கூட்டி வந்துவிடுவீர்கள்.

இரண்டாவது, எல்-லூசின் மெத்தில் எஸ்டர். லைசோசோம் நிறைந்த செல்லை இது உள்ளிருந்தே கொல்லும். முதலில் விரிப்பு முழுதாக மூட வேண்டும். பிறகு சைட்டோசின் அராபினோசைடு 10 மைக்ரோமோலார் வரை சில நாள் கொடுத்து, பிரிந்துகொண்டிருக்கும் செல்களை நீக்கிவிட்டு, 50 மில்லிமோலார் எஸ்டரை 60 முதல் 90 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். வாங்கும் பொடி ஹைட்ரோகுளோரைடு உப்பு, அப்படியே கரைத்தால் மீடியம் மஞ்சளாகிவிடும். பி.எச். 7.4-க்குத் திருத்தி வடிகட்டிய பிறகே போடுங்கள். திருத்தாமல் போட்டால் ஆஸ்ட்ரோசைட்டும் சேர்ந்து சாகும், பழி எஸ்டர் மேல் விழும்.

மூன்றாவது, மைக்ரோகிளையா உயிரோடிருக்கத் தேவையான சிஎஸ்எஃப்-1 ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள். நன்றாக வேலை செய்யும், விலைதான் இடிக்கும்.

எண்ணிப் பார்க்காமல் நம்பாதீர்கள்

ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு கவர்ஸ்லிப்பைச் சாயத்துக்கு ஒதுக்குங்கள். 4% பாராஃபார்மால்டிஹைடு 15 நிமிடம். பிறகு ஒவ்வொரு செல்வகைக்கும் உரிய அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி: ஆஸ்ட்ரோசைட்டுக்கு ஜிஎஃப்ஏபி, ஏஎல்டிஎச்1எல்1. மைக்ரோகிளையாவுக்கு ஐபிஏ-1. ஒலிகோ வரிசைக்கு ஒலிக்-2, பிடிஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா, ஓ-4, முதிர்ந்ததற்கு எம்பிபி. ஃபைப்ரோபிளாஸ்டுக்கு ஃபைப்ரோனெக்டின். ஓ-4 படலக் கொழுப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி, படலத்தைக் கரைக்கும் டிரைட்டான் போட்ட பிறகு சாயமிட்டால் வெறும் கருப்புதான் தெரியும். உயிருள்ள செல்லில் போட்டுவிட்டுப் பிறகு ஃபிக்ஸ் செய்யுங்கள்.

ஆஸ்ட்ரோசைட் தட்டில் ஜிஎஃப்ஏபி 95 சதவீதம் என்று மட்டும் எழுதினால் போதாது. ஐபிஏ-1 எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். அழகான நடுப்பகுதியை மட்டும் படம் எடுக்காமல் ஓரத்தையும் சேருங்கள், மைக்ரோகிளையா ஒரே சீராகப் பரவியிருக்காது. அதற்குமேல் ஒரு செயல்சோதனை: ஒரு கிணற்றில் எல்பிஎஸ் மி.லி.க்கு 100 நானோகிராம், 24 மணி நேரம், பிறகு டிஎன்எஃப்-ஆல்ஃபா எலைசா. எஸ்டர் கொடுத்த தட்டில் பதில் அடங்கிப்போனால் அதுவரை பதில் சொன்னது யார் என்று தெரிந்துவிடும்.

நோயைத் தட்டுக்குக் கொண்டுவரும்போது

மைக்ரோகிளையா வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடின் எச்சமான நைட்ரைட்டை, நிறமாற்றத்தால் அளக்கும் கிரீஸ் முறையில் அளப்பவர்கள், ஒப்பிடும் தர அளவுக் கரைசலையும் அதே மீடியத்தில் தயாரியுங்கள், மீடியத்தின் சிவப்பு நிறம் அளவீட்டைக் குழப்பும். எலியின் மைக்ரோகிளையா நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டும், மனிதருடையது அப்படிக் கொட்டாது. அதனால் இந்த எண்ணை வைத்து மனித நோயைப் பேசும்போது நாக்கை அடக்க வேண்டும். அமைலாய்டு விழுங்கும் சோதனையில் விழுங்கலைத் தடுக்கும் சைட்டோகலாசின்-டி கொடுத்த ஒரு கிணறு கட்டாயம். வெளியே ஒட்டியதையும் உள்ளே போனதையும் வேறுபடுத்த அதுதான் துணை.

ஆஸ்ட்ரோசைட்டை நரம்புக்கு நஞ்சான நிலைக்குத் தள்ள 2017-இல் வந்த கலவையைப் பலர் பயன்படுத்துகிறார்கள்: ஐஎல்-1-ஆல்ஃபா 3, டிஎன்எஃப் 30, சி1க்யூ 400, எல்லாம் மி.லி.க்கு நானோகிராம், 24 மணி நேரம். இந்த மூன்றையும் மூளையில் சுரப்பது மைக்ரோகிளையாதான் என்பதே அந்த ஆய்வின் சாரம். அங்கே ஆஸ்ட்ரோசைட்டைச் சீரமில்லாமல் வளர்த்தார்கள். சீரத்தில் வளர்ந்த செல் ஏற்கெனவே பாதி எதிர்வினை நிலையில் இருக்கும், அதன்மேல் கலவையைக் கொட்டினால் வித்தியாசம் மங்கும். நஞ்சான ஆஸ்ட்ரோசைட், காக்கும் ஆஸ்ட்ரோசைட் என்று ‘ஏ1, ஏ2’ எனும் இரண்டு பெட்டியில் அடைப்பதையும் விட்டுவிடலாம், 2021-இல் துறையினர் பலர் கூடி எழுதிய கருத்துரையே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

குளுட்டமேட் உறிஞ்சலை அளந்து ஏஎல்எஸ்ஸையோ வலிப்பையோ பேச விரும்புபவர்களுக்கு ஒன்று: குளுட்டமேட்டை உள்ளே இழுக்கும் புரதங்கள் இரண்டில், தனியாக வளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டில் ஜிஎல்டி-1 மிகக் குறைவு, ஜிஎல்ஏஎஸ்டிதான் மேலோங்கும். வளர்ந்த மூளையில் பெரும் சுமையைத் தூக்குவது ஜிஎல்டி-1. டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி 0.25 மில்லிமோலார் ஒரு வாரம் கொடுத்தாலோ நியூரானோடு சேர்த்து வளர்த்தாலோ அது மேலே வரும்.

மீடியத்தை ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சோதனையில், எல்பிஎஸ் கொடுத்த மைக்ரோகிளையாவின் மேல்நீரை அப்படியே ஆஸ்ட்ரோசைட்டில் ஊற்றினால் எல்பிஎஸ்ஸும் கூடவே போகும். சில மணி நேரத் தூண்டலுக்குப் பின் நன்றாகக் கழுவி, புதிய மீடியம் ஊற்றி, அதில் சுரப்பதை மட்டும் எடுங்கள். எல்பிஎஸ் மட்டும் சேர்த்த, செல்லே இல்லாத மீடியத்தையும் ஒரு கிணற்றில் ஊற்றிப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை மைகோபிளாஸ்மா பிசிஆர் ஓட்டுங்கள். இந்த நுண்ணிய பாக்டீரியா தொற்றினால் மீடியம் கலங்காது, செல்லும் சாகாது, மைக்ரோகிளையா மட்டும் காரணமில்லாமல் தூண்டப்பட்டே இருக்கும்.

மிஞ்சும் ஆஸ்ட்ரோசைட்டை 10% டிஎம்எஸ்ஓவில் உறையவைத்துத் திரவ நைட்ரஜனில் வைக்கலாம், நன்றாக எழும். மைக்ரோகிளையாவை உறையவைக்க முயலாமல், தேவைப்படும் வாரத்தைக் கணக்கிட்டுப் பத்து நாள் முன்பே குட்டிகளுக்குச் சொல்லி வையுங்கள்.